காற்றில் நிற்காத பான்டூன் படகு: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

இரண்டு மிதவை உருளைகளின் மேல் தட்டைத் தளம் வைத்த பான்டூன் படகில் மீன் பிடிப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், காற்றைப் பற்றியவற்றை மட்டும் இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டேன். பெரிய அலுமினியப் படகுக்காரர்கள்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். காற்றடைத்த ஒற்றை ஆள் பான்டூன் வைத்திருப்பவர் ஒருவருக்கும் கடைசியில் பதில் இருக்கிறது.

கேள்வி: என்னுடையது 22 அடி பான்டூன். காற்றில்லாத நாளில் சொன்னபடி கேட்கிறது. கொஞ்சம் காற்று கிளம்பினால் போதும், பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே போய்விடுகிறது, மீன் இருக்கும் இடத்தில் நிற்பதே இல்லை. இன்ஜினைப் பெரியதாக மாற்றினால் சரியாகுமா?

ஆகாது. பெரிய இன்ஜின் உங்களை ஓரிடத்துக்குச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும், சேர்ந்த இடத்தில் நிறுத்தி வைக்காது. படகின் அமைப்பைப் பாருங்கள். கீழே இரண்டு உருளைகள், அவை தண்ணீருக்குள் இறங்குவது ஒரு அடி, மிஞ்சிப்போனால் ஒன்றரை அடி. மேலேயோ நாலு பக்கமும் தகடு வைத்த தடுப்பு, இருக்கைகள், கூரைத் துணி, நிற்கிற ஆட்கள். தண்ணீரில் பிடிமானம் குறைவு, காற்று பிடித்துத் தள்ள இடம் நிறைய.

எவ்வளவு தள்ளும் என்று ஒரு கணக்குப் போடலாம். உங்கள் படகின் பக்கவாட்டுத் தடுப்பு ஏறக்குறைய 6.7 மீட்டர் நீளம், உயரம் 0.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஐந்து சதுர மீட்டருக்கு மேல் வருகிறது. மணிக்கு 18 கிலோமீட்டர் காற்று அதன் மீது நேராக அடித்தால் சுமார் 10 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். காற்று இரண்டு மடங்காகி 36 கிலோமீட்டர் ஆனால் தள்ளுவது இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு, அதாவது 40 கிலோ. கூரைத் துணியையும் ஆட்களையும் இதில் சேர்க்கவே இல்லை. இப்போது அதே படகைத் திருப்பி முகப்பைக் காற்றுக்கு நேராகக் காட்டுங்கள். அகலம் இரண்டரை மீட்டர்தான், அதே 36 கிலோமீட்டர் காற்றில் தள்ளுவது 15 கிலோவாகக் குறைந்துவிடுகிறது.

இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்: முகப்பு எப்போதும் காற்றைப் பார்த்து இருக்க வேண்டும், படகை நிறுத்தும் பிடி எதுவானாலும் முகப்பிலிருந்துதான் இருக்க வேண்டும். மோட்டார், நங்கூரம், கயிறு, எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

செலவே இல்லாத வேலை ஒன்று உண்டு, அதை முதலில் செய்யுங்கள். மீன் பிடிக்கப் போகிற நாளில் கூரைத் துணியை மடக்கி உறை போட்டுக் கட்டிவிடுங்கள், முடிந்தால் கழற்றிக் கரையிலேயே வைத்துவிடுங்கள். விரித்த கூரை ஒரு பாய்மரம்தான், அதற்கு இரண்டாவது பேச்சே வேண்டாம். வெயிலுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள், அகல விளிம்புத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போதும். அப்புறம், தடுப்புக்கு மேலே தூக்கிக்கொண்டிருக்கிற எதுவும் வேண்டாம்: துண்டு, குடை, நிமிர்த்திவைத்த மடக்கு நாற்காலி. இருக்கை மெத்தைகள் கழலக்கூடியவை என்றால் கட்டிவையுங்கள், அவை பறந்து தண்ணீரில் விழுந்தால் எடுக்கப் போகிற நேரத்தில் இடமும் போய்விடும், மீனும் போய்விடும்.

கேள்வி: பேட்டரியில் ஓடும் சிறிய மோட்டார் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். பின்னால் மாட்டுவது சுலபம் என்கிறார்கள். முன்னால் மாட்டினால்தான் நல்லது என்றும் சொல்கிறார்கள். எத்தனை பவுண்டு இழுவை உள்ளதாக வாங்க வேண்டும்?

முன்னால். மாட்டை மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நடத்தினால் பின்னாலேயே வரும், பின்னால் நின்று தள்ளினால் அது நினைத்த பக்கம்தான் போகும். பின்பக்க மோட்டார் காற்றில் அப்படித்தான், முகப்பு ஒரு பக்கம் விலகிக்கொண்டே இருக்கும், நீங்கள் தூண்டிலை விட்டுவிட்டுத் திருப்பிக்கொண்டே இருப்பீர்கள்.

பவுண்டுக் கணக்குக்குப் பொதுவான வழி, ஆட்கள், எரிபொருள், சாமான் எல்லாம் சேர்ந்த எடையில் 45 கிலோவுக்கு 2 பவுண்டு. உங்கள் படகு எல்லாம் ஏற்றி 1,600 கிலோ வருகிறது என்றால் 71 பவுண்டு. இது அமைதியான தண்ணீருக்கான அளவு, பான்டூனுக்குக் காற்றில் இதற்கு மேல்தான் போக வேண்டும். 12 வோல்ட் மோட்டார்கள் பொதுவாக 55 பவுண்டோடு நின்றுவிடும், ஆகவே 24 வோல்ட்டில் 80 பவுண்டு பாருங்கள். 80 பவுண்டு என்பது 36 கிலோ இழுவை. மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பக்கவாட்டில் வாங்கும் பலத்த காற்றை அதனாலும் சமாளிக்க முடியாது, முகப்பைக் காட்டினால் பாதிச் சக்தி கூடத் தேவைப்படாது.

பவுண்டை விட அதிகம் பேர் கோட்டை விடுவது, மோட்டாரைத் தண்ணீருக்குள் இறக்கும் தண்டின் நீளத்தில்தான். பான்டூனின் தளம் தண்ணீருக்கு மேலே உயரமாக இருக்கும். மோட்டாரை மாட்டும் இடத்திலிருந்து தண்ணீர் மட்டம் வரை அளந்து, அதோடு 55 சென்டிமீட்டர் கூட்டுங்கள், அலை இருக்கும் இடம் என்றால் இன்னும் 12 சென்டிமீட்டர். தளம் 60 சென்டிமீட்டர் உயரம் என்றால் மொத்தம் 127 வரும், 50 அங்குலம். 48 அங்குலத் தண்டு பார்க்கப் போதுமானதாகத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொரு அலைக்கும் முகப்பு எழும்போது விசிறி தண்ணீரை விட்டு வெளியே வந்து வெறுமனே சுற்றும், அந்த ஒரு நொடியில் காற்று படகைத் திருப்பிவிடும். 54 வாங்குங்கள், தளம் இன்னும் உயரம் என்றால் 60.

மாட்டும் இடம், முன்கதவுக்கு ஒரு பக்கமாக, மூலையில். வெறும் திருகாணி போதாது, தளத்தைத் துளைத்துப் போல்ட் போட்டு அடியில் உலோகத் தகடு கொடுத்து முறுக்குங்கள், ஏனென்றால் காற்றில் படகு முழுவதும் அந்த ஒரு இடத்தில்தான் தொங்குகிறது. பேட்டரி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: ஈய அமில பேட்டரிகள் இரண்டு சேர்ந்தால் 55, 60 கிலோ வரும், அதை முகப்பில் வைத்தால் மூக்கு அமுங்கும். நடுவில் இருக்கைக்கு அடியில் வைத்து, தடிமனான கம்பி இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே சர்க்யூட் பிரேக்கர் போடுங்கள். லித்தியம் என்றால் எடை பாதிக்கும் குறைவு, முன்னால் வைத்தாலும் பாதகமில்லை. முழு வேகத்தில் இந்த மோட்டார் 50 ஆம்பியருக்கு மேல் குடிக்கும். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் போகும், ஆகவே பலத்த காற்றில் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் கூட உங்களுக்குக் கையில் இல்லை. ஜி.பி.எஸ். வைத்துத் தானே ஒரே இடத்தில் நிற்கிற மோட்டார் அருமையான வசதி, கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அதை நம்பி நங்கூரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

கேள்வி: நங்கூரம் போட்டாலும் இழுத்துக்கொண்டு போகிறது. இன்னும் கனமான நங்கூரம் வாங்க வேண்டுமா?

எத்தனை மீட்டர் கயிறு விடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, என் ஊகம் அது போதாது என்பதுதான். நங்கூரம் எடையால் நிற்பதை விட, தரையில் குத்திப் பிடித்துத்தான் நிற்கிறது. கயிறு செங்குத்தாக இருந்தால் ஒவ்வொரு அலையும் அதைப் பிடுங்கும், படுக்கையாக இழுத்தால்தான் அலகு மண்ணுக்குள் இறங்கும். ஆழத்தோடு, தண்ணீருக்கு மேலே கயிறு கட்டும் இடத்தின் உயரத்தையும் கூட்டி, அதைப் போல ஏழு மடங்கு விடுங்கள். ஆழம் 4 மீட்டர், உயரம் அரை மீட்டர் என்றால் 31, 32 மீட்டர் கயிறு. பார்க்க அநியாயமாக இருக்கும், ஆனால் அதுதான் கணக்கு. நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் இரண்டு மீட்டர் சங்கிலி போட்டால் இழுவை இன்னும் தாழ்ந்து வரும். கயிறு நைலானாக இருக்கட்டும், அது இழுபட்டுக் கொடுத்து அலையின் வெட்டை வாங்கிக்கொள்ளும். மிதக்கிற வகைக் கயிறு வேண்டாம், இன்ஜின் விசிறியில் சுற்றும்.

காளான் வடிவ நங்கூரம் பான்டூனோடு சேர்த்து விற்கப்படுவதைப் பார்க்கிறேன். காற்றில்லாத குளத்துக்குச் சரி, காற்றில் அதற்கு வேலை இல்லை. மணலுக்கும் சேற்றுக்கும் தட்டை அலகு நங்கூரம், பாறைக்குக் கொக்கி நங்கூரம், இடம் மாறி மாறிப் போகிறவர்களுக்குப் பெட்டி வடிவத்தில் விரியும் நங்கூரம்.

முகப்புக் கயிற்றில் நின்றாலும் பான்டூன் இடமும் வலமும் வீசிக்கொண்டே இருக்கும், பலர் இதை நங்கூரம் விட்டுப்போனதாக நினைத்துக்கொள்கிறார்கள். இதற்கு வழி எளிது. படகின் முன் மூலைகள் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு கயிறு எடுத்து, இரண்டையும் முன்னால் ஒரே வளையத்தில் சேர்த்து, அந்த வளையத்தில் நங்கூரக் கயிற்றைக் கட்டுங்கள். அகலமான முகப்பு உங்களுக்கு உதவி செய்கிற ஒரே இடம் இதுதான். படகு ஒரு பக்கம் திரும்பினால் அந்தப் பக்கக் கயிறு இறுகி மற்றது தளர்ந்து, திரும்ப நேராக்கிவிடும். அப்படியும் போதாவிட்டால் இரண்டு நங்கூரங்களை முகப்பிலிருந்தே இரண்டு பக்கமாக விரித்துப் போடலாம்.

பின்பக்கத்தில் மட்டும் ஒற்றை நங்கூரம் கட்டுவது கூடவே கூடாது. இன்ஜின் எடையால் பின்பக்கம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும், கயிறு அதை இன்னும் கீழே இழுக்கும், அலை அங்கேதான் ஏறும். இதை யார் பழக்கம் என்று சொன்னாலும் கேட்காதீர்கள்.

கேள்வி: நின்று பிடிப்பதை விட மிதந்துகொண்டே பிடிப்பது எனக்குப் பிடிக்கும். காற்றில் வேகம் கூடிவிடுகிறது. தண்ணீரில் போடும் துணிப்பை உதவுமா?

நன்றாக உதவும். டிரிஃப்ட் சாக் என்கிற அந்தக் கூம்புப் பை தண்ணீரை நிரப்பிக்கொண்டு படகைப் பின்னுக்குப் பிடிக்கும். காற்று வருகிற பக்கத்தில்தான் போட வேண்டும், மறுபக்கம் போட்டால் படகு அதன் மேலேயே ஏறிப் போகும். பான்டூனுக்கு ஒன்றை விட இரண்டு நல்லது, காற்று வரும் பக்கத்தின் முன் மூலையில் ஒன்று, பின் மூலையில் ஒன்று. ஒரு கயிற்றைக் கூட்டி மற்றதைக் குறைத்தால் படகு சாய்வாக மிதக்கும், அதை வைத்தே போகும் பாதையைக் கொஞ்சம் மாற்றலாம். பக்கவாட்டில் மிதப்பதால் ஒரு வரிசையாக நாலு பேர் தூண்டில் போடலாம், தூண்டிலும் காற்று வரும் பக்கமே போடுங்கள். மறுபக்கம் போட்டால் தூண்டில் நரம்பு படகுக்கு அடியில் போய் உருளையில் உரசும்.

பையின் குறுகிய முனையில் இன்னொரு மெல்லிய கயிறு கட்டிவையுங்கள். அதை இழுத்தால் பை தலைகீழாகித் தண்ணீரைக் கொட்டிவிடும். அந்தக் கயிறு இல்லாமல் நிரம்பிய பையை இழுத்தவர்களுக்கு முதுகுவலி நிச்சயம். இன்ஜினைப் போடுவதற்கு முன் இரண்டு பையும் படகுக்குள் வந்துவிட்டனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் மிதப்பது சின்ன அலைக்குத்தான். அலை உயர்ந்தால் பையை முகப்புக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: மீன் மாட்டியதும் எல்லோரும் முன்பக்கம் ஓடி வந்தார்கள். அப்போது ஒரு அலை முன்தளத்தின் மேல் ஏறி உள்ளே வந்தது. இது ஆபத்தா?

ஆபத்துதான், தயவுசெய்து இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பான்டூனின் முகப்பு மற்றப் படகுகள் போல மேலே வளைந்து எழுவதில்லை, தட்டையாக இருக்கிறது. நாலு பேர் முன்னால் வந்தால் 250, 300 கிலோ ஒரே முனையில். உருளையின் மூக்கு அமுங்கி, அடுத்த அலை தளத்தின் மேல் ஏறுகிறது, ஏறிய தண்ணீரின் எடை மூக்கை இன்னும் அமுக்குகிறது. காற்று நாளில் முன்தளத்தில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். குளிர்பெட்டி, எரிபொருள், சாமான் எல்லாம் நடுவிலோ சற்றுப் பின்னாலோ இருக்கட்டும், இடமும் வலமும் சமமாக.

ஓட்டும்போதும் இதே கவனம் தேவை. இன்ஜினைச் சற்று வெளிப்பக்கம் சாய்த்து முகப்பைத் தூக்கிவைத்து, அலையை நேருக்கு நேராக வாங்காமல் சாய்வாக வாங்கி, மெதுவாகப் போங்கள். பெரிய அலையைப் பார்த்துப் பயந்து வேகத்தைச் சட்டென்று விட்டால், எழுந்திருந்த முகப்பு அப்படியே விழுந்து அலைக்குள் குத்தும். முன்கூட்டியே குறைத்துவிட்டு, அலை வரும்போது சீராகப் பிடித்துக்கொள்ளுங்கள். மிதவைச் சட்டை இருக்கைக்கு அடியில் இருந்து பயனில்லை, உடம்பில் இருக்க வேண்டும்.

கேள்வி: நரம்பு காற்றில் வில்லாக வளைந்து, மீன் கடிப்பதே தெரியமாட்டேன் என்கிறது.

கம்பின் நுனியைத் தண்ணீருக்குப் பக்கத்தில் தாழ்த்திப் பிடியுங்கள், காற்று பிடிக்க வெளியே நரம்பு குறைவாக இருக்கும். அதே பலத்துக்கு மெல்லியதாக வரும் பின்னல் நரம்பு, கொஞ்சம் கனமான ஈயக்குண்டு, தலைக்கு மேல் வீசாமல் பக்கவாட்டில் தாழ வீசுவது, இவ்வளவுதான். கம்பு தாங்கிகளைத் தடுப்பின் மேல் கம்பியில் நிமிர்த்தி மாட்டாமல் படுக்கைக்கோணத்தில் மாட்டுங்கள்.

கேள்வி: எவ்வளவு காற்று வரை போகலாம்? காற்றில் மீன் நன்றாகக் கடிக்கும் என்பது உண்மையா?

இரண்டாவதற்கு முதலில் சொல்கிறேன், பல நேரம் உண்மைதான். காற்று மேல்மட்டத்து நுண்ணுயிர்களைத் தள்ளிக்கொண்டுபோய் ஒரு கரையில் சேர்க்கும், பொடிமீன் அதைத் தேடி வரும், பெரிய மீன் பொடிமீனைத் தேடி வரும். அலை உடைவதால் தண்ணீருக்குள் வெளிச்சமும் குறையும், மீனுக்குப் படகின் மேல் இருக்கும் பயமும் குறையும். ஆகவே காற்று போய் மோதும் கரைதான் மீன் இருக்கும் கரை. சங்கடம் என்னவென்றால் அலை பெரிதாக இருப்பதும் அங்கேதான், நங்கூரம் பிடி விட்டால் படகு போய் மோதுவதும் அங்கேதான். கரைக்கு ஒட்டிப் போகாமல், தூண்டில் எட்டும் தூரத்தின் கடைசியில் முகப்பைக் காற்றுக்குக் காட்டி நின்று, கரைப் பக்கம் வீசுங்கள். பின்காற்றில் வீச்சும் நீளும்.

அளவுக்கு வருவோம். தண்ணீரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரைத் தலைகள் தெரிய ஆரம்பித்தால் காற்று மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர், காற்றின் வலிமையைச் சொல்லும் போஃபோர்ட் அளவில் 3. இது வரை நன்றாக அமைத்த பான்டூனில் நிம்மதியாகப் பிடிக்கலாம். நுரைத் தலைகள் அடிக்கடி எழுந்தால் 20 முதல் 28, அளவு 4. அனுபவமும் ஒதுங்க இடமும் இருப்பவர்களுக்கு மட்டும். எங்கும் வெள்ளையாகத் தெரிந்தால் 29க்கு மேல், அளவு 5, இரண்டு உருளைப் பான்டூனுக்கு அது நாள் இல்லை. மூன்று உருளை என்றால் கொஞ்சம் மேல், ஆனால் என் கருத்து மாறாது. காற்றின் வேகம் மட்டும் போதாது, அது எத்தனை தூரம் தடையில்லாமல் தண்ணீர் மேல் ஓடி வருகிறது என்பதும் முக்கியம். அதே காற்று, கிளம்பி வரும் கரையில் சிற்றலையாகவும் பத்து கிலோமீட்டர் தள்ளி ஆளை மிரட்டுகிற அலையாகவும் இருக்கும். காலையில் காற்றுக்கு எதிராகப் போய்விட்டு அதோடு திரும்பி வருவது போல நாளை அமைத்துக்கொள்ளுங்கள், பேட்டரி தீர்ந்தாலும் காற்றே உங்களை வீட்டுப் பக்கம் கொண்டு வரும்.

கேள்வி: என்னுடையது இரண்டு காற்றுக்குழாயும் இரும்புச் சட்டமும் துடுப்பும் உள்ள ஒற்றை ஆள் பான்டூன். இதில் எதைச் செய்யலாம்?

உங்களுக்கு எடை குறைவு என்பதால் காற்று இன்னும் சுலபமாகத் தூக்கிக்கொண்டு போகும். சாமான்களை இருக்கைக்குப் பின்னால் உயரமாக அடுக்காமல் தாழ்வாகக் கட்டுங்கள், இருக்கையின் முதுகுச் சாய்வும் காற்றைப் பிடிக்கும். குழாய் கரையில் விறைப்பாக இருந்தாலும் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் தளர்ந்துவிடும். பத்து நிமிடம் மிதக்கவிட்டு அழுத்திப் பார்த்து மறுபடி காற்றடியுங்கள், தொய்ந்த குழாயில் சட்டம் முறுக்கிக்கொண்டு நேராகப் போகாது. அதே குழாயை மதிய வெயிலில் கரையேற்றி வைக்கும்போது கொஞ்சம் காற்றைத் திறந்துவிடுங்கள்.

பெரிய படகுக்கு முகப்பு என்று சொன்னேன், உங்களுடையதில் நங்கூரம் பின்பக்கக் கப்பி வழியாகத்தான் இறங்கும், அதில் தவறில்லை. பின்பக்கமும் குழாய் முனைகள் மேல்நோக்கி வளைந்திருக்கின்றன, பாரமான இன்ஜினும் இல்லை. முதுகு காற்றைப் பார்க்க, நீங்கள் காற்றோடு சேர்த்து முன்னால் வீசலாம். கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டிவிடாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரே இழுப்பில் விடுபடுகிற பிடிப்பானில் மாட்டுங்கள், மார்புப் பக்கம் ஒரு கத்தியும் இருக்கட்டும். ஓடுகிற ஆற்றில் வேகமான நீரோட்டத்தில் இந்த நங்கூரத்தைப் போடவே வேண்டாம், பின்பக்கம் தண்ணீருக்குள் இழுபட்டுக் கவிழும். காலில் மாட்டும் துடுப்புச் செருப்பு இடத்தில் நிற்கத்தான் உதவும், எதிர்காற்றில் திரும்பி வரக் கைத்துடுப்புதான் வேண்டும், அதனால் அந்தத் துடுப்புகளைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.